தேதி பார்த்து வாசித்த கடிதங்கள்

பூதப்பாண்டி
1932 ஜூன் 13

நேசபாய் மைனிக்கு,

பேபிக்கு நீங்கள் தைத்து அனுப்பிய கவுனை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில் நாலு பேர் நர்சம்மா என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்காக ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் நீங்கள் தாயாகிவிட முடியாது. என் பிள்ளைக்கு உடுப்பு எடுக்க எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் அம்மணமாய்த் திரியட்டும்.

உங்கள் தம்பி பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிறார். வீட்டில் வாயைத் திறப்பதில்லை. அவருக்கும் சேர்த்து உங்கள் அம்மா வரும்போதெல்லாம் பேசிவிடுகிறார்கள். நீங்கள் மூன்று பேரும் ஒரே அச்சு. நான் ஒருத்தி இல்லாமல் போனால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவீர்கள். அதற்கு வழி தூரத்தில் இல்லை. குளம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது.

பதில் எழுதாதீர்கள்.

ராகேல்


பூதப்பாண்டி
1932 ஜூன் 19

அன்புள்ள மைனிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துவிட்டீர்களா? இல்லையென்றால் இப்போதே கிழித்துவிடுங்கள். அதை எழுதின கை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நினைத்தால் வேறு யாரோ என் பேனாவைப் பிடுங்கி எழுதியது போல இருக்கிறது. வெட்கத்தில் சாகிறேன்.

கவுன் எரியவில்லை. அடுப்புக்குள் எறிந்தது நிஜம், நானே இழுத்து எடுத்ததும் நிஜம். அதன் இடது கை மட்டும் கருகிப்போயிற்று. என் பழைய ரவிக்கையின் நீலத் துணியை வைத்துத் தைத்திருக்கிறேன். பேபி அந்த நீலக் கையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டிக் காட்டுகிறாள்.

மறைத்து என்ன பயன், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். கடிதத்தை அஞ்சலில் சேர்த்த மறுநாள் காலையில் சோற்றுப்பானையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். உப்பு குறைவு என்று இவர் சொன்னார், அவ்வளவுதான். பேபி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளை பெற்ற தாயைக் கண்டு ஒளிகிறதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு குளத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றது தெரியும், எப்படி இறங்கினேன் என்று தெரியாது. எருமை குளிப்பாட்ட வந்த பகவதியப்பன், "அம்மோ, அங்ஙண சேறாக்கும், கேறி வாருங்க" என்று சத்தம் போட்டார். ஏறி வந்தேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து நான் பழைய ராகேல். சிரிக்கிறேன், பாத்திரம் விளக்குகிறேன், பாட்டுக்கூடப் பாடுகிறேன். ஆனால் சபையில் பெண்கள் என் பக்கத்தில் உட்காருவதில்லை. "ராகேலுக்க மேல பிசாசு கேறியிருக்கு, இல்லண்ணா திருவிருந்து வாரத்துல இப்பிடித் துள்ளுமா?" என்று கூட்டத்திலேயே ஒருத்தி கேட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது மைனி. பயமாக இருக்கிறது.

உங்கள்
ராகேல்


மணவாளக்குறிச்சி
1932 ஜூன் 26

அன்புள்ள ராகேலுக்கு,

உன்னைக் கரையேற்றினதற்காக முதலில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்தப் பகவதியப்பனுக்கும்.

நான் எதையும் கிழிக்கிறவள் அல்ல. உன் கடிதங்களெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. நேற்று மத்தியானம் அவற்றை எடுத்துப் பாயில் பரப்பினேன். ஒரு பக்கம் நல்ல கடிதங்கள், மறுபக்கம் என்னைத் திட்டின கடிதங்கள். கோபத்தோடுதான் பரப்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு தேதிகளைப் பார்த்தேன். திட்டினவை பிப்ரவரி 27, மார்ச் 24, ஏப்ரல் 20, மே 18, ஜூன் 13. இடையில் எத்தனை நாள் என்று எண்ணினேன். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு, மறுபடி இருபத்தாறு. பிசாசுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது மக்கா.

வெட்கப்படாமல் பதில் சொல். அது மாதவிலக்குக்கு முந்தின வாரம்தானே? விலக்கானதும் எல்லாம் வடிந்துவிடுகிறதுதானே? திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு. உன் நாட்கள் நகர்ந்து நகர்ந்து சில மாதம் அதன்மேல் விழுகின்றன, அவ்வளவுதான். இங்கே உள்ள டாக்டரம்மாவிடம் உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். இது உடம்பில் பிறக்கிற நோவு, மனசில் போய் அடிக்கிறது, அமெரிக்காவில் ஒரு டாக்டர்கூட இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றார்கள். மருந்து மட்டும் இன்னும் இல்லையாம்.

நீ ஒருத்தி மட்டும் அல்ல. இங்கே கடற்கரையில் மீன் விற்கிற கிளாராவுக்கும் இதே கதை. அவள் சொன்னாள்: "மாசத்துல அஞ்சாறு நாளு எங்க வீட்டு மீன்கத்திய எனக்க கொழுந்தி எடுத்து ஒளிச்சி வச்சிருவா நர்சம்மா. அவளுக்குக் கஞ்சியும் கெடப்பும் அந்த நாளுல எங்க வீட்டுலதான். நான் ஏசினா கேட்டுக்கிட்டு இருப்பா." படிக்காதவர்களுக்கே நாள் எண்ணத் தெரிந்திருக்கிறது பார்.

நீ செய்ய வேண்டியது இது. சுவரில் தொங்குகிற காலண்டரில் அந்த நாட்களுக்குப் பென்சிலால் ஒரு கோடு போடு. தம்பி செல்வதாசிடம் சொல், அவனும் தெரிந்துகொள்ளட்டும். அந்த நாட்களில் எதையும் தீர்மானிக்காதே, யாரோடும் தர்க்கம் பண்ணாதே, குளத்துப் பக்கம் போகாதே. நினைப்பு முற்றும்போது காலண்டரைப் பார்த்து, இது நான் அல்ல, என் நாள் என்று சொல்லிக்கொள். உனக்குப் பைத்தியமும் இல்லை, பிசாசும் இல்லை.

உன் மைனி
நேசபாய்


பூதப்பாண்டி
1932 ஜூலை 20

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. வாசித்து முடித்ததும் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். கலியாணமாகி ஏழு வருஷம், ஏழு வருஷமும் நான் கெட்டவள் என்றே நினைத்திருந்தேன். நாள் மட்டும்தான் கெட்டது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். இந்த மாதம் எட்டாம் தேதி காலையில் காரணமில்லாமல் நெஞ்சு கனத்தது. கோடு போட்டேன். பதினாலுவரை ஏழு கோடு. பதினொன்றாம் தேதி குளத்துப் படிவரை போய்விட்டேன், பொய் சொல்ல மாட்டேன். இது என் நாள், இது என் நாள் என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்து தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பானை ஒன்றும் உடையவில்லை.

உங்கள் தம்பியிடம் உங்கள் கடிதத்தையே கொடுத்துவிட்டேன். மனுஷன் பள்ளிக்கூட ஆஜர் புத்தகம் பார்ப்பது போல மூன்று தடவை பார்த்தார். பிறகு அந்த நாட்களில் அவரே அடுப்படிக்கு வந்தார். வடித்தது சோறா கஞ்சியா என்று கண்டுபிடிக்க எனக்கும் பேபிக்கும் கொஞ்ச நேரமாயிற்று. ஆனாலும் மூன்று பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பேபி ஓயாமல் தண்ணீரில் கிடந்து சளி பிடித்திருக்கிறாள். மற்றபடி சுகம். உங்கள் கைக்கு ஒரு முத்தம்.

ராகேல்


பூதப்பாண்டி
1932 ஆகஸ்ட் 6

மைனி,

உங்கள் அம்மா வியாழக்கிழமை வந்து இறங்கினார்கள். வந்ததிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மூச்சு விட இடமில்லை. பேபிக்கு இடது காதில் சீழ் வடிகிறது, பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது, அதில் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை. நான் சொன்னால் இங்கே நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

காலண்டரில் என் கோடுகளை விரல் வைத்து எண்ணினார்கள். உங்கள் தம்பியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். "மாசத்துல ஏழு நாளு தனக்குப் புத்தி இல்லண்ணு அவளே வரஞ்சி வச்சிருக்கா. இனி ஒனக்கு என்ன சாட்சி வேணும்? பிள்ளய நான் கொண்டு போறேன், இஞ்ச கெடந்தா ஒரு நாளு கொளத்துலதான் எடுக்கணும்." உங்கள் தம்பி குனிந்த தலை நிமிரவில்லை. குனியவே பிறந்த ஜென்மம்.

உங்கள் அம்மா பாம்பு. தேள். நீங்கள் பென்சிலைக் கையில் கொடுத்தீர்கள், அவர்கள் அதை எடுத்து என் கண்ணில் குத்துகிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துத்தான் செய்தீர்களா? அப்படித்தான் இருக்கும். எனக்கு எல்லாம் விளங்குகிறது.

வாருங்கள். உடனே வாருங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள். வராவிட்டால் நீங்களும் அவர்களோடு சேர்ந்தவர்தான்.

ராகேல்


மணவாளக்குறிச்சி
1932 ஆகஸ்ட் 8

அன்புள்ள ராகேலுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் தேதியைப் பார்த்தேன். போன மாதம் எட்டாம் தேதி கோடு போட ஆரம்பித்ததாக எழுதியிருந்தாய். அதிலிருந்து இருபத்தேழு எண்ணினால் இந்த மாதம் நாலு. நீ எழுதியிருப்பது ஆறாம் தேதி. எண்ணி முடித்ததும் எனக்கு நிம்மதியாயிற்று. இனி நீ என்ன ஏசினாலும் எனக்கு வலிக்காது.

என் அம்மாவுக்கு வாய் நீளம் என்பது எனக்குத் தெரியாததா? கொண்டு போறேன், அடிப்பேன், கொல்லுவேன் என்பதெல்லாம் அவர்கள் எங்களிடமும் சொன்னதுதான். ஆனால் பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிற ஆள் அல்ல. அதை நீ நல்ல நாளில் யோசித்தால் உனக்கே தெரியும். நானும் அம்மாவும் பேசி வைத்துச் செய்தோம் என்று எழுதியிருக்கிறாயே, அதிலேயே தெரியவில்லையா இது யார் பேச்சு என்று?

ஆகையால் சொல்கிறேன், கேளு. இந்த நாட்களில் அம்மாவோடு எதிர்த்து வாதாடாதே. என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இரு. நீ சத்தம் போட்டால் அவர்கள் சொல்வதை நீயே மெய்யாக்குகிறாய். பன்னிரண்டாம் தேதி கழியட்டும். அப்போதும் உனக்கு இப்படியே தோன்றினால் எழுது, புறப்பட்டு வருகிறேன். இங்கே கடற்கரையில் வயிற்றுப்போக்கு. கட்டில் காலியில்லை, எனக்கும் லீவு இல்லை.

பேபிக்கு என் முத்தம்.

நேசபாய்


பூதப்பாண்டி
1932 ஆகஸ்ட் 13

மைனிக்கு,

இன்று பதின்மூன்றாம் தேதி. நீங்கள் சொன்ன பன்னிரண்டு கழிந்துவிட்டது. புதன்கிழமையே விலக்காகிவிட்டேன். தலை தெளிவாக இருக்கிறது, கையெழுத்தும் நேராக இருக்கிறது பாருங்கள். ஆகையால் இந்தக் கடிதத்தை நீங்கள் நம்பலாம்.

பேபியை உங்கள் அம்மா இரணியலில் தம் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

உங்கள் கடிதம் புதன்கிழமை காலையில் வந்தது. மத்தியானம் வண்டி வந்து நின்றது. உங்கள் கடிதம் மட்டும் வந்திராவிட்டால் நான் வண்டிச் சக்கரத்தின் முன்னால் படுத்திருப்பேன். ஊரைக் கூட்டியிருப்பேன். நீங்கள் பேசாமல் இரு என்று எழுதியிருந்தீர்கள். இது என் நாள், நான் காண்பது நிஜம் இல்லை, மைனி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பேபியின் பாவாடைகளை நானே மடித்துக் கொடுத்தேன். உங்கள் அம்மா இவரிடம், "பாத்தியா மக்கா, அவளுக்கே சம்மதம்" என்றார்கள்.

வண்டி திரும்பும்போது பேபி அழவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குளத்துக்குப் போய்விட்டேனோ என்று பயப்பட வேண்டாம். இந்த மாதம் போகவில்லை. அந்த அளவுக்கு உங்கள் வைத்தியம் பலித்திருக்கிறது.

ராகேல்


மணவாளக்குறிச்சி
1932 ஆகஸ்ட் 27

ராகேலுக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் பதினைந்தாம் தேதி கிடைத்தது. லீவு கிடைத்து நான் இரணியலுக்குப் போனது இருபத்தொன்று ஞாயிறு, ஆராதனை முடிந்து. பேபி முற்றத்தில் அந்த நீலக் கை வைத்த கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. அம்மா சொன்னார்கள்: "பிணக்கமாக்கும். தாயக் காணாத பிணக்கம். விளிச்சா கேக்காத மாதிரி இருக்குவா." நான் வலது பக்கமாகப் போய்க் கூப்பிட்டேன். உடனே திரும்பி என்னைக் கட்டிக்கொண்டாள்.

இடது காதில் எண்ணெய்ப் பஞ்சு. எடுத்தபோது வந்த நாற்றத்தை இருபது கட்டில் பார்க்கிற என்னால் தாங்க முடியவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். டாக்டரம்மா கழுவிப் பார்த்தார்கள். சவ்வு கிழிந்துபோயிருக்கிறது. சீழ் நின்றுவிடும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் அந்தக் காது இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன்.

அன்றைக்கு டப்பாவைத் திறந்து உன் ஆறாம் தேதிக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். மூன்றாவது வரியிலேயே இருந்தது. இடது காது, சீழ், காய்ச்சின எண்ணெய். முன்பின் தெரியாத ஒருத்தி வாசலில் நின்று இதைச் சொல்லியிருந்தால் பிள்ளையை உடனே கொண்டு வா என்று விரட்டியிருப்பேன். நீ எழுதினபோது தேதியைப் பார்த்துவிட்டுத்தான் வாசித்தேன். அதற்குப் பிறகு எந்த வரியும் என் கண்ணில் படவில்லை. என் அம்மாவைப் பற்றி நீ சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

அம்மாவிடம் சண்டை போட்டேன். அவர்கள் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்கள். செல்வதாஸ் கொடுத்தானாம். "ஒனக்க கையெழுத்துதானே இது? நீ எழுதினதத்தானே நான் நம்பினேன்?" என்றார்கள். ஜூன் மாதம் நான் உனக்கு எழுதின கடிதம். என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூடக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

பேபி இப்போது என்னோடு இருக்கிறாள். செல்வதாஸ் வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனான். பிள்ளையை உன்னிடம் விட அவனுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. நீ இங்கே வா. என் அறையில் மூன்று பேரும் இருக்கலாம். ஆனால் வருகிற 31 முதல் 6 வரை உன் நாட்கள். அது கழியட்டும், ஏழாம் தேதி புறப்படு. பிள்ளை ஏற்கெனவே நொந்திருக்கிறது, உன்னை அந்த நிலையில் பார்க்க வேண்டாம். உன் நன்மைக்கும்தான் சொல்கிறேன்.

நேசபாய்


பூதப்பாண்டி

மைனிக்கு,

மேலே ஊர் இருக்கிறது, தேதி இல்லை. மறந்துபோய் விட்டுவிடவில்லை. இதை அஞ்சலில் போட்டால் முத்திரையைப் பார்ப்பீர்கள். ஆகையால் அந்தப் பக்கம் மாடு பார்க்கப் போகிற பகவதியப்பன் கையில் கொடுத்து விடுகிறேன். என்றைக்கு எழுதினேன் என்று அவரிடம் கேட்காதீர்கள். ஒரு வாரமாய் எழுதி வைத்திருந்தேனா, இன்று காலையில் எழுதினேனா என்று அவருக்கும் தெரியாது.

எனக்குக் கோபமாக இருக்கிறது. இது எந்த நாளின் கோபம் என்று நீங்கள் எண்ணிப் பார்க்க முடியாது. கோபம் என்று மட்டும் வாசியுங்கள். என் பிள்ளையின் காது போய்விட்டது. அதற்கு மாதத்தின் எந்த நாளிலும் எனக்குக் கோபம் வரும்.

நோவு இல்லை என்று நான் சாதிக்கவில்லை. இருக்கிறது. நீங்கள் அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிராவிட்டால் நான் எப்போதோ குளத்தோடு போயிருப்பேன், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அந்த ஏழு நாளிலும் எனக்குக் கண் தெரியும் மைனி. உங்கள் அம்மாவைப் பாம்பு என்று எழுதினது நோவு. நீங்கள் பேசி வைத்துச் செய்தீர்கள் என்றது நோவு. காதில் சீழ் என்று எழுதினது நான். இரண்டும் ஒரே காகிதத்தில்தான் வரும், வேறு வேறாகப் பிரித்து அனுப்ப எனக்குத் தெரியாது. பிரித்து வாசிக்க நீங்கள்தான் இருந்தீர்கள்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தில் கிளாராவைப் பற்றி எழுதியிருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அவளுடைய கொழுந்தி கத்தியை ஒளித்து வைத்துவிட்டுக் கூடவே வந்து கிடந்தாள், ஏசினதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். நீங்களும் எனக்கு அதே நாத்தனார் முறைதான். அவளுக்கு ஆள் வந்தது, எனக்குப் பென்சில் வந்தது.

நான் புறப்படுகிறேன். ஏழாம் தேதிக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்ல மாட்டேன். உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன். தடுக்கவில்லை, வண்டிக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். வாசலில் என்னைப் பார்த்ததும் காலண்டரைப் பார்க்காதீர்கள். கத்தியை வேண்டுமானால் எடுத்து ஒளித்து வையுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. நான் கத்தினால் பேபியைக் கிளாரா வீட்டில் விடுங்கள். நீங்கள் என் பக்கத்தில் உட்காருங்கள். ஏசினால் ஏச்சை விட்டுவிட்டு, மிச்சம் நான் என்ன சொல்கிறேன் என்று கேளுங்கள். எனக்கு வேறு வைத்தியம் வேண்டாம்.

பிள்ளை வழியைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். வலது பக்கமாய்ப் போய் நின்று, அம்மா வருகிறாள் என்று அவளிடம் சொல்லுங்கள்.

ராகேல்